வெளிச்சம் வராமலே அமுக்கிய பொத்தான்

கண்ணாடி பிரேம் வாங்கக் கொச்சிக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். பாதி உண்மை. எறணாகுளம் பிராட்வேயில் மொத்த விலைக்கு நல்ல பிரேம்கள் கிடைக்கும். மீதிப் பாதியை என் மனைவி எஸ்தரிடம் சொல்லவில்லை. என் இடது கண் போய்க்கொண்டிருந்தது.

பாளையங்கோட்டையில் முப்பது வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நாற்பது தாண்டிய எவர் கடைப்படி ஏறினாலும், "கண்ணுல பிரஷர் பாத்தீங்களா? அது திருடன் மாதிரி, சத்தமில்லாம வரும்" என்று வயிற்றில் புளியைக் கரைத்துத்தான் அனுப்புவேன். என் கண்ணுக்குள் அந்தத் திருடன் ஏறி, உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவி, பாதிச் சாமானை வண்டியில் ஏற்றும்வரை நான் பார்க்கவில்லை. உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் ஆட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் வேறு மாதிரி ஆட்டும் ஒரு தலையைத் தேடிக் கொச்சி.

வியாழக்கிழமை ரயிலடிக்கு எஸ்தர் வந்திருந்தாள். வலது பக்கம் திரும்பி, "பையைக் கொடு" என்றேன். பை இடது பக்கமிருந்து வந்தது. திடுக்கிட்டுப் போனேன்.

"ஏன் இப்படிப் பூனை மாதிரி வந்து நிக்கே? கல்யாணமான நாள்ல இருந்து வலது பக்கம்தானே நடப்பே. இப்பக் கொஞ்ச நாளா இடத்தை மாத்திட்டே."

"ஒரே பக்கம் நடந்து கால் வலிக்கி" என்றாள். பெண்களின் காரணங்களை ஆராயக்கூடாது என்பது என் கொள்கை. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

கொச்சியில் இறங்கி ஆட்டோவில் போகும்போதே முதல் பீதி வந்தது. கடைப் பலகைகளைப் பார்க்கிறேன், ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், படிக்க முடியவில்லை. வலது கண்ணை மூடிப் பார்த்தேன், அதுவும் இல்லை. நல்ல கண்ணும் போய்விட்டது என்று பதறி, "வண்டியை ஓரமா நிறுத்துப்பா" என்றேன். ஆட்டோக்காரர் நிறுத்தினார். அப்போதுதான் பலகையின் அடியில் ஆங்கிலத்தில் 'தையல் கடை' என்று பளிச்சென்று தெரிந்தது. மேலே இருந்தது மலையாளம். எனக்கு அது கண் நன்றாக இருந்த காலத்திலும் தெரியாது.

மட்டாஞ்சேரிக்குள் நுழையும்போது கண்ணுக்கு முன்னால் மூக்குக்கு ஊர் தெரிந்துவிடுகிறது. சுக்கும் மிளகும் பழைய சாக்கும் கலந்த வாசம். எங்கள் ஊர் வெயில் தோலை உரிக்கும், இந்த ஊர் வெயில் ஈரத்துணியால் போர்த்துகிறது. கொச்சங்காடியில் சுக்கு மூட்டை அடுக்கிய ஒரு கிட்டங்கி வாசலில் காஜா மைதீன் நின்றிருந்தான். மேலப்பாளையத்துக்காரன், பத்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே பெஞ்சு. மாமனாரின் சுக்கு வியாபாரத்துக்கு ஒத்தாசையாக வந்தவன் அப்படியே தங்கிவிட்டான். அவன் வாக்கியங்கள் திருநெல்வேலியில் ஏறி எறணாகுளத்தில் இறங்கும்.

"எந்தா வே, இப்படி மெலிஞ்சுட்டீரு? வாரும், முதல்ல சாயா குடிக்கலாம். கண்ணு எங்கயும் ஓடிப் போகாது."

போய்க்கொண்டிருப்பதே அதுதான் என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன். என் கை மட்டும் சாயாக் கிளாஸைப் பிடிக்க முயன்று, கிளாஸுக்கு இரண்டு விரல் இந்தப்புறம் காற்றைப் பிடித்தது. அவன் பார்த்துவிட்டான். கிளாஸை எடுத்து என் கையில் வைத்தான்.

அன்று மாலை அவன் மனைவி நபீசா பத்திரி என்ற அரிசி ரொட்டியும், குடம்புளி போட்டுச் சிவக்கச் சிவக்க வைத்த மீன் குழம்பும் பரிமாறினாள். நான் கையை நீட்டியபோது யாரும் சாப்பிடத் தொடங்கவில்லை.

"அண்ணே, உங்க ஜெபம் சொல்லிட்டுத் துடங்குங்கோ. நாங்க காத்திருக்கோம்" என்றாள் நபீசா.

என் பெயர் ஜெபராஜ். எங்கள் சபையின் சேகரக் கமிட்டியில் இருக்கிறேன். ஞாயிறுதோறும் கோயிலில் வேதபாடம் வாசிக்கும் குரல் என்னுடையது. ஜெபத்துக்கா பஞ்சம்? கண்ணை மூடி, கணீரென்று, "இந்த நல்ல ஆகாரத்துக்காக" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் ஆமென் வரை போய் நின்றேன். ரயில்நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவரைப் போல. எல்லா ரயிலும் அவருக்குத் தெரியும், எதிலும் ஏறும் உத்தேசம் கிடையாது.

காஜா பத்திரியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான். "வே, அது யாருக்குச் சொன்னது?"

"ஆண்டவருக்குத்தான்."

"மீனுக்குச் சொன்ன மாதிரில்லா இருந்தது. ஈசா நபி தொட்டா குருடனுக்குக் கண்ணு வரும்னு எங்களுக்கே தெரியும். நீரு அவரு ஆளு. அவருட்ட உம்ம கண்ணைப் பத்திக் கேட்டீரா?"

"குழம்பு நல்லாயிருக்கு" என்றேன்.

கேட்கவில்லை. டாக்டர் தலையாட்டிய அன்றே கேட்கத்தான் முழங்கால் போட்டேன். வாயில் வந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வாக்கியங்கள். அவற்றுக்குப் பின்னால் யாரும் இல்லை. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். என் பக்தி எந்த வருடம் போனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்த வியாதியும் அப்படித்தான், ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். நடுவில் தெளிவாக இருப்பதால் எல்லாம் இருப்பதுபோலவே இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை எறணாகுளத்துக்குப் படகு. ஏறும்போதே படகின் விளிம்புக்கு முன்னால் இருந்த வெறும் காற்றில் காலை வைத்தேன். படகுக்காரர் சட்டைக் காலரைப் பிடித்து, சாக்கைத் தூக்குவதுபோல் உள்ளே போட்டார். காஜா போனில் ஏதோ லோடு பற்றிச் சத்தம் போட்டபடி முன்பக்கம் போய்விட்டான். எனக்குப் பீதி தாங்கவில்லை. ராத்திரிக்குள் கண் இன்னும் கொஞ்சம் போயிருக்குமோ? சோதித்துப் பார்த்தேன்.

எதிர் பெஞ்சில் ஒரு அம்மாள், காலடியில் அலுமினிய மீன் சருவம். இடது கண்ணை மூடினேன். அம்மாள், சருவம், கழுத்துச் செயினில் சிலுவை, எல்லாம் தெளிவு. வலது கண்ணை மூடினேன். அம்மாள் இருந்த இடத்தில் அழுக்குத் திரை தொங்கியது, சருவத்தின் ஒரு விளிம்பு மட்டும் மின்னியது. மறுபடி இடது. மறுபடி வலது. சந்தேகத்துக்கு இன்னும் நாலு தடவை.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் பேசியது மலையாளம், எனக்கு எட்டிய வரையில் இது:

"எந்தாடோ? தூசி விழுந்ததா? இல்லை, நான் வந்து ஊதிவிடணுமா? தலை முழுக்க நரைச்சிட்டு, காலம்பற படகிலே கண்ணடிக்கிறான்."

படகே திரும்பிப் பார்த்தது. ஐம்பத்துநாலு வயதில், சேகரக் கமிட்டி உறுப்பினன், நடுக்காயலில், பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்த குற்றத்துக்குப் பிடிபட்டேன். குதித்துவிடலாமா என்று தண்ணீரைப் பார்த்தேன். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சரியாகத் தெரியவில்லை.

காஜா ஓடி வந்து விளக்கினான். கண்ணாடிக் கடைக்காரர், கண் போகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். படகு மறுபடி சிரித்தது, இந்தத் தடவை மெதுவாக. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அவர் பெயர் ரோஸி, காஜாவுக்குப் பழக்கம்தான். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னார்:

"நாளைக்குச் சனி. நான் வல்லார்பாடத்துக்கு முற்றம் அடிக்கப் போறேன். இவனுக்கும் சேர்த்து அடிக்கிறேன்."

வல்லார்பாடம் தீவு மாதா கோயிலில் அது ஒரு நேர்ச்சை, வேண்டுதல் என்று காஜா சொன்னான். எந்தச் சாதி, எந்த மதமானாலும் கோயில் முற்றத்தை விளக்குமாறு எடுத்துப் பெருக்குவார்கள்.

"நாங்க வேற சபைன்னு சொல்லு. எங்கள்ல மாதாவுக்கு மரியாதை உண்டு, வேலை கொடுக்கிறதில்லை" என்றேன்.

காஜா மொழிபெயர்த்தான். ரோஸி சருவத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே, "இவனை அடிக்கச் சொன்னேனா? அடிக்கிறது நான்தானே" என்று இறங்கிப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் என்னை ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற மிஷினுக்குள் முகம் வைக்கச் சொன்னார்கள். நடுவில் பார்க்க வேண்டும், ஓரங்களில் எங்காவது சின்ன வெளிச்சப் புள்ளி வந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். எந்த இடத்தில் பார்வை இல்லை என்று அது படம் வரைந்துவிடும். வலது கண்ணில் புள்ளிகள் வந்தன, அமுக்கினேன். இடது கண்ணில் ஒன்றும் வரவில்லை. மிஷின் மட்டும் டிக் டிக் என்று சத்தம் போட்டது. சத்தம் வருகிறதென்றால் புள்ளியும் எங்கோ வருகிறது என்றுதானே அர்த்தம்? அமுக்கினேன். முப்பது வருடத் தொழில் அனுபவத்தைப் பயன்படுத்தித் தாளம் தப்பாமல் அமுக்கினேன்.

மிஷினைப் பார்த்துக்கொண்ட பெண் தாளை உருவிப் பார்த்துவிட்டு, "சேட்டா, இது இடைக்கிடைக்கு லைட் போடாம வெறும் சத்தம் மட்டும் போடும். அப்பவும் அமுக்கியிருக்கீங்களே" என்றாள்.

கண் பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்ட கண்ணாடிக் கடைக்காரன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டாக்டர் சின்ன வயது, தமிழ் நன்றாகப் பேசினார். தாளைத் தள்ளி வைத்தார். "இதை வச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க. தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. உங்களுக்குத் தெரியாததுதான் எனக்கு முக்கியமா வேணும்."

சொன்ன பொய்யை உண்மையாக்க பிராட்வேக்குப் போனோம். ஒரு பிரேம் கடைக்குள் நுழைந்து மூன்று எட்டு வைப்பதற்குள் இடது பக்கமிருந்த சுழல் ஸ்டாண்டைத் தோளால் இடித்து, ஒரு ஊருக்குப் போதுமான கறுப்புக் கண்ணாடிகளைத் தரையில் பரப்பினேன். கடைக்காரர் பொறுக்கியபடியே, "கண்ணு தெரியாதோ?" என்று கேட்டார். கோபத்தில் கேட்பதுதான். முதல்முறையாக அது எனக்கு ஒரு நேரான கேள்வியாகக் கேட்டது. இரண்டு டஜன் பிரேம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை காஜா என்னைக் கேட்காமலே ஆட்டோவை வல்லார்பாடத்துக்கு விடச் சொன்னான். "உமக்காக ஒரு பொம்பளை பெருக்குதா. நீரு போய் நிக்கவாவது வேண்டாமா?"

மரங்களுக்கு மேலே துறைமுகத்துக் கிரேன்கள் நீலமாக நின்றன. கீழே கோயில் முற்றத்தில் பத்திருபது பேர் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண், ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவன், பர்தா போட்ட ஒரு அம்மா. பெருக்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஒரே ஒரு மாவிலை நாலு விளக்குமாறுகளுக்கிடையே அலைந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே சுத்தமான தரையை எதற்கு இத்தனை பேர், குருட்டுப் பழக்கம், என்று என் கமிட்டி மூளை குறிப்பெழுதத் தொடங்கியது.

"வந்தாச்சா, கண்ணடிக்காரன்?" ரோஸி விளக்குமாற்றோடு நிமிர்ந்தார். சருவம் இல்லாமல், வெளுத்த சேலையில் வேறு ஆளாக இருந்தார். "உன் பங்கை அடிச்சு முடிச்சிட்டேன். ஆனா நேத்து உன் பேரைக் கேக்க மறந்துட்டேன்."

"பேரு தெரியாம எப்படி வேண்டிக்கிட்டீங்க?"

"படகிலே கண்ணடிச்ச பாண்டிக்காரன்னு சொன்னேன். அம்மைக்கு ஆள் மனசிலாகும். அம்மை மகன்கிட்டே சொல்லிக்கொடுக்கும். அவனுக்கா உன்னைத் தெரியாது?"

பாண்டிக்காரன் என்றால் அங்கே தமிழன். காஜா விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. சேகரக் கமிட்டி உறுப்பினர் ஜெபராஜ் என்ற பெயரில் எத்தனையோ வருடமாக ஆண்டவர் முன்னால் நின்றிருக்கிறேன். அந்த ஆளை அவர் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம், அவ்வளவு நன்றாக வேஷம் போட்டிருந்தேன். படகில் பயந்து நடுங்கிக் கண்ணை மூடி மூடித் திறந்த பாண்டிக்காரன் வேறு. அவனை இதுவரை யாரும் அங்கே கொண்டுபோய் நிறுத்தியதில்லை. நானே நிறுத்தியதில்லை.

சுவரோரம் சாய்த்து வைத்திருந்த விளக்குமாறுகளில் ஒன்றை எடுத்தேன். முதல் வீச்சே ரோஸியின் காலில் விழுந்தது. "ஐயோ, தரையை அடி, என்னை அடிக்காதே" என்று தள்ளி நின்றார்.

குனிந்து பெருக்கத் தொடங்கினேன். குனிந்தால் வேதபாடக் குரல் வரமாட்டேன் என்கிறது. மாதாவை நான் கூப்பிடவில்லை, பழக்கமில்லை, அவர் கோபித்திருக்க மாட்டார். அவர் மகனிடமே நேராகச் சொன்னேன். "ஆண்டவரே, எனக்குத் தெரியலை. கண்ணும் தெரியலை, நீரும் தெரியலை. தெரியாமலே இத்தனை வருசம் தெரியுது தெரியுதுன்னு அமுக்கிட்டேன். பயமா இருக்கு." அவ்வளவுதான் ஜெபம். ஆமென் சொன்னேனா என்று ஞாபகமில்லை. கண்ணீர் மட்டும் இரண்டு கண்ணிலும் ஒழுங்காக வந்தது. அந்த இலாகா பழுதாகவில்லை.

ஒரு குருடனை ஆண்டவர் இரண்டு தடவை தொட வேண்டி வந்தது என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முதல் தடவை தொட்டதும் என்ன தெரிகிறது என்று கேட்டாராம். மனிதர்கள் மரம்போல் தெரிகிறார்கள் என்றானாம் அவன். எங்கள் தொழிலில் தினமும் நடப்பது. முதல் பவர் சரியாக அமையாது, வாடிக்கையாளர் உண்மையைச் சொன்னால்தான் அடுத்த லென்ஸ் மாட்ட முடியும். அந்த ஆள் மரியாதைக்காக 'நன்றாகத் தெரிகிறது ஐயா' என்று சொல்லியிருந்தால் ஆயுளுக்கும் மரங்களோடுதான் பேசியிருப்பான். நான் சொல்லியிருப்பேன்.

முற்றத்தின் கடைசிவரை போய்த் திரும்பிப் பார்த்தேன். என் இடது பக்கம் ஒரு நீளப் பட்டையை நான் விட்டிருக்க வேண்டும், அந்தப் பக்கம் எனக்குத் தெரியாதே. ஆனால் அங்கேயும் ஈர்க்குக் கோடுகள் ஓடியிருந்தன. ரோஸி எனக்குக் கொஞ்சம் பின்னால், இடது ஓரமாக, நான் விட்டதை விட்டதைப் பெருக்கிக்கொண்டே வந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும், "கொள்ளாம்" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். காஜாவிடம் என்னைக் காட்டி, இவனுக்குச் சாயா வாங்கிக்கொடு என்றார். அவரே வரவில்லை, வேலை இருந்தது.

பதினோரு மணிக்கு மறுபடியும் வெள்ளைக் கிண்ணம். இடது கண்ணில் டிக் டிக் என்று போய்க்கொண்டே இருந்தது. நான் பொத்தானைத் தொடவில்லை. கைக்கு வேலை இல்லாமல் அவ்வளவு நேரம் இருட்டுக்குள் உட்கார்ந்திருப்பது சுலபமில்லை. ஆனால் முந்தின நாள் இருந்த நடுக்கம் இல்லை. இருட்டில் தனியாக இருப்பதுபோல் தோன்றவில்லை, அதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியாது.

"இன்னிக்கு நல்லா செஞ்சீங்க" என்றாள் அந்தப் பெண். பார்வை இல்லை என்று நிரூபித்ததற்குக் கிடைத்த பாராட்டு.

டாக்டர் படத்தைக் காட்டினார். இடது கண்ணில் போனது போனதுதான், திரும்பாது. வலது கண்ணிலும் ஓரத்தில் தொடங்கியிருக்கிறது, ஆனால் பிடித்துவிடலாம். காலையும் ராத்திரியும் சொட்டு மருந்து, ஒரு வேளை தவறக்கூடாது, ஆயுள் முழுவதும். "நேத்து ரிப்போர்ட்டை நம்பியிருந்தா வலது கண்ணையும் நல்லாயிருக்குன்னு விட்டிருப்பேன்" என்றார். அங்கேயும் தாளத்துக்கு நாலைந்து அமுக்கியிருக்கிறேன் போலிருக்கிறது.

படகுத்துறையில் நின்று எஸ்தருக்குப் போன் செய்தேன். பிரேம் விலையில் ஆரம்பித்து, ஸ்டாண்டைத் தள்ளிவிட்ட கதைக்கு வந்து, வேறு வழியில்லாமல் உண்மைக்கு வந்தேன். முழுவதும் கேட்டாள்.

"எனக்குத் தெரியும்லா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கிறிஸ்மஸ் அன்னைக்குக் கோயில்ல இருந்து வெளிய வரும்போது இடது பக்கம் வந்த சைக்கிளை நீங்க பாக்கவே இல்லை. அன்னைக்கே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க ஜோக்கு சொல்லுவீங்க. நான் அழுதிருவேன். அதான் பக்கத்தை மாத்திக்கிட்டேன்." பிறகு சொன்னாள், "தெனமும் ஆண்டவர்ட்ட சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். டாக்டர்ட்டயாவது போவாரான்னு."

எத்தனை மாதம். சாயா தம்ளர் வலது கைப்பக்கமே வந்ததும், இடதுபுறத்து ஸ்டூல் காணாமல் போனதும், படியிறங்கும்போதெல்லாம் அவளுக்குத் திடீரென்று என் தோளைப் பிடிக்கத் தோன்றியதும், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. சொல்ல ஒரு ஜோக்கும் வரவில்லை. "நாளைக்குக் காலைல வந்திருவேன்" என்றேன்.

நபீசா வழிக்குச் சாப்பாட்டுப் பொதி கட்டிக் கொடுத்தாள். அதற்கு முன் மத்தியானச் சாப்பாட்டில் என் ஜெபத்துக்காக எல்லோரும் மறுபடி காத்திருந்தார்கள். "ஆண்டவரே, இவங்களுக்காக ஸ்தோத்திரம்" என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை. காஜா அரிசிச் சோற்றில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "இது மீனுக்கு இல்லை" என்றான்.

ஞாயிறு காலை ரயில் கொஞ்சம் தாமதம். கோயில் ஆராதனைக்கு நேரமாகிவிடும் என்று எல்லோருக்கும் முன்னால் இறங்கினேன். காலைத் தடவித் தடவித்தான் வைத்தேன், வெட்கப்படவில்லை. பிளாட்பாரத்தில் வலது பக்கம் கூட்டம், கூட்டத்தில் எஸ்தர் இல்லை. இடது பக்கம் எப்போதும்போல அழுக்குத் திரை.

திரும்பிப் பார்க்காமல், பையை இடது பக்கமாக நீட்டினேன்.

வாங்கிக்கொண்டாள்.